தீவுக்குப் போன சங்கீதக்காரர்

எழுத்தாளனுக்கு வரும் கடிதங்களில் இரண்டு வகை உண்டு. "உங்கள் கதை புரியவில்லை, கொஞ்சம் எளிமையாக எழுதினால் என்ன?" என்று கேட்பது ஒரு வகை. "வர வர மிகவும் எளிமையாக எழுதுகிறீர்கள், முன்போல ஆழம் இல்லை" என்று வருத்தப்படுவது இன்னொரு வகை. ஒரே கதைக்கு இந்த இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்து சேர்ந்ததும் உண்டு. பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் அப்போது யாருக்கு என்ன பதில் எழுதுவான்? எளிமை என்பது கீழ்ப்படி, கடினம் என்பது மேல்படி, எழுதுகிறவன் இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் நிற்க முடியும் என்று இரண்டு தரப்பாரும் தீர்மானமாக எண்ணுகிறார்கள்.

இந்த ஏணிக் கணக்கு எனக்கு வெகு நாட்களாகவே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், சாட்சிக்கு நான் ஒரு கதாசிரியரை அழைக்க மாட்டேன். இங்கிலாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடல் நடுவில் கிடக்கும் தீவுகளில் வாழ்ந்து, 2016-ல் காலமான பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் என்ற சங்கீத கர்த்தாவைத்தான் அழைப்பேன். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'மாக்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். நானும் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நின்றுவிட்டவன் நான். அந்த இரண்டு வருஷத்திலும் சங்கீதம் பாடமாக இல்லை. ஆனால் இசைத்தட்டு சேர்ப்பதையே ஒரு வியாதியாக வளர்த்துக்கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு ராத்திரி அவர் தம் வீட்டில் இரண்டு தட்டுக்களை அடுத்தடுத்து வைத்தார். முதலாவது, ஐந்தே நிமிஷம் வாசிக்கும் ஒரு பியானோ உருப்படி. இடது கை நிதானமாக நடந்துகொண்டே இருக்கிறது. அந்த நடைக்கு மேலே வலது கை ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் போன்ற மெட்டைப் பாடுகிறது. ஒரு தடவை கேட்டால் போதும், படுக்கப் போகும்போது தானாகவே முணுமுணுக்க வந்துவிடும். இரண்டாவது தட்டில் ஒரு மனிதன் கத்தினான், கிசுகிசுத்தான், குழந்தையைப் போல விம்மினான், கிழவியைப் போலக் கிறீச்சிட்டான். பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "இரண்டும் ஒரே ஆள் எழுதியது" என்றார் நண்பர். அந்த ஆளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

மாக்ஸ் பிறந்தது 1934 செப்டம்பர் 8-ல், மாஞ்செஸ்டரை ஒட்டிய சால்போர்டு என்ற தொழிற்சாலை ஊரில். செல்வக் குடும்பம் அல்ல. நான்கு வயதில் அவரை ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். கில்பர்ட், சல்லிவன் என்ற இரட்டையர் எழுதிய 'கொண்டோலியர்ஸ்' என்ற இசை நாடகம். அன்றே, தானும் பாட்டு உண்டாக்குகிறவனாக ஆகவேண்டும் என்று குழந்தை முடிவு கட்டிவிட்டதாம். பெரியவர்கள் பின்னால் சொல்லும் பால்யக் கதைகளை நான் முழுக்க நம்புவதில்லை. ஆனால் பதினான்கு வயதில் தாம் எழுதிய உருப்படி ஒன்றை பி.பி.ஸி. ரேடியோவின் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அனுப்பிவைத்த பையனைப் பற்றிக் கேட்கும்போது, நாலு வயதுக் கதையும் நிஜமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மாஞ்செஸ்டரில் படித்தார். அங்கே அவருடன் படித்த ஹாரிஸன் பர்ட்விஸில், அலெக்ஸாண்டர் கோயர், ஜான் ஆக்டன் எல்லோருமே பிற்காலத்தில் பெயர் பெற்றவர்கள். 1957-ல் ரோமாபுரிக்குப் போய் பெட்ராஸி என்பவரிடம் சிட்சை. அதெல்லாம் எல்லோருடைய சரித்திரத்திலும் வருகிற சமாசாரம். எனக்கு ருசியான கட்டம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

1959-ல் அவர் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியாராகச் சேர்ந்தார். புது மாதிரி சங்கீதத்தில் தலைவரை மூழ்கிய இருபத்தைந்து வயது இளைஞர், கிராமாந்தரப் பையன்களிடம் போய் மாட்டிக்கொண்டார் என்று ஊர் நினைத்திருக்கும். அவரோ அங்கே இருந்த நிலைமையைப் பார்த்தார். ஒரு பையனுக்கு நாலு ஸ்வரம்தான் நன்றாக வாசிக்க வரும். சரி, அந்த நாலு ஸ்வரத்துக்கு ஏற்ற பாட்டை எழுதுவோம். இன்னொரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்து வாசிப்பதைவிடத் தானாக ஏதாவது வாசிப்பது பிடிக்கும். சரி, அவளுக்கு ஓர் இடம் விட்டுவைப்போம், அங்கே அவள் மனம் போல வாசிக்கட்டும். 1960-ல் அந்தப் பிள்ளைகளுக்காகவே அவர் எழுதியது 'ஓ மாக்னம் மிஸ்டீரியம்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டுத் தொகுதி. பிள்ளைகளையே பாட்டு எழுதவும் பழக்கினார். நானூறு வருஷத்துக்கு முந்திய மாண்டிவெர்டியின் பெரிய உருப்படிகளையும் அவர்களைக் கொண்டே பாடவைத்தார்.

மூன்று வருஷம்தான் அந்த வேலை. ஆனால் அங்கே ஒரு விஷயத்தை அவர் பிடித்துக்கொண்டார் என்பது என் எண்ணம். குழந்தைக்கு எழுதுவது என்றால் தன் தரத்தைக் குறைத்துக்கொள்வது அல்ல. எதிரே நிற்கிறவனின் கையையும் தொண்டையையும் உற்றுப் பார்ப்பது. பத்திரிகைக்கு எழுதும் எங்களில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வாசகனைப் பார்க்காமலே, அவன் குள்ளமாக இருப்பான் என்று வைத்துக்கொண்டு குனிந்து எழுதுகிறோம்.

அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் ஏழு வருஷம் கழித்து நண்பர் வீட்டில் நாயைக் குரைக்கவைத்த அந்த உருப்படியை எழுதினார் என்றால் நம்புவதற்குச் சிரமமாக இருக்கும். 'பைத்தியக்கார அரசனுக்கு எட்டுப் பாட்டுக்கள்' என்பது அதன் பெயர். 1969 ஏப்ரலில் லண்டனில் அரங்கேறியது. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கடைசிக் காலத்தில் சித்தம் கலங்கிப் போனார். தாம் வளர்த்த சிறு பறவைகளுக்கு, சாவி கொடுத்தால் பாடும் ஒரு சின்ன இயந்திர வாத்தியத்தைக் காட்டிப் பாட்டுக் கற்பிக்க முயன்றார் என்பது கதை. ராண்டால்ப் ஸ்டோ என்ற ஆஸ்திரேலிய நாவலாசிரியர் அதைப் பாட்டுக்களாக எழுத, மாக்ஸ் இசை அமைத்தார். வாத்தியக்காரர்கள் ஆறே பேர். அவர்களில் சிலரைப் பறவைக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். அரசனாக வரும் பாடகர் மனிதத் தொண்டையால் என்னென்ன சப்தம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்ய வேண்டும். ஒரு கட்டத்தில் அரசன் கூண்டுக்குள் கையை விட்டு, வாசித்துக்கொண்டிருக்கிறவரின் வயலினைப் பிடுங்கி, உடைத்துப் போடுகிறான்.

நான் அதைப் பிற்பாடு முழுக்கக் கேட்டேன். ரசித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் வயலின் உடைகிற சப்தம் வந்தபோது நெஞ்சு ஒரு கணம் நின்றது. பைத்தியத்தைப் பற்றி நானும் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் பைத்தியம் பிடித்தவன் அழகான வாக்கியங்களில் பேசுவான். மாக்ஸின் அரசன் அப்படிப் பேசுவதில்லை. அங்கே கடினம் ஒரு வேஷம் அல்ல. விஷயமே அவ்வளவு கடினம்.

அதே வருஷம் ஆகஸ்டில் லண்டனின் பெரிய கோடைக்காலக் கச்சேரி வரிசையில் அவருடைய 'வோர்ல்ட்ஸ் பிளிஸ்' என்ற வாத்திய உருப்படியை வாசித்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சபையில் பெரும் பகுதியினர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். எழுந்து போகிறவர்களுக்கு முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நிற்பது எத்தனை பேரால் முடியும்? முப்பத்துநான்கு வயதில் மாக்ஸுக்கு அது நேர்ந்தது.

அடுத்த வருஷம், 1970-ல், அவர் ஆர்க்னி தீவுகளுக்கு முதல் தடவையாகப் போனார். ஸ்காட்லாந்தின் வட முனைக்கும் அப்பால், மரம் அதிகம் இல்லாத, காற்று ஓயாத தீவுகள் அவை. ஸ்ட்ராம்னெஸ் என்ற துறைமுக ஊரில் ஜார்ஜ் மக்கே பிரவுன் என்ற உள்ளூர்க் கவி எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கினார். அந்தத் தீவுகளின் கதைகள், மனிதர்கள், பழைய நம்பிக்கைகள் எல்லாம் அடங்கிய புத்தகம். அதே பயணத்தில் ஹோய் என்ற பக்கத்துத் தீவுக்குப் போனபோது அந்தக் கவியையே சந்திக்கும்படி நேர்ந்தது. கதையில் நான் இப்படி எழுதினால், தற்செயலை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறேன் என்று விமர்சகர் பிடித்துக்கொள்வார்.

ஹோய் தீவில் ராக்விக் என்று ஒரு பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் நிறையக் குடும்பங்கள் இருந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்ட இடம். கடலைப் பார்த்த குன்றின் மேல் பாழடைந்து கிடந்த ஒரு கல் வீட்டைச் சரிசெய்து மாக்ஸ் அங்கே குடியேறினார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஸ்வரங்களை எழுதினார். லண்டனின் இரைச்சலில் தம் காதுக்குள் கேட்கும் ஓசை தமக்கே கேட்கவில்லை என்பதுதான் காரணம். அலையும் காற்றும் கடற்பறவையும் மட்டும் பேசுகிற இடம் அவருக்கு வேண்டியிருந்தது.

நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் கிராமத்துக்குப் போய், அழகை ரசித்து, ஒரு புத்தகம் எழுதிவிட்டுத் திரும்பிவிடுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். மாக்ஸ் திரும்பவில்லை. கடைசிவரை ஆர்க்னியிலேயே இருந்தார். பிற்காலத்தில் ஹோயிலிருந்து ஸாண்டே என்ற இன்னொரு தீவுக்கு மாறினாரே தவிர, ஊரை விடவில்லை. ஊரும் அவருடைய சங்கீதத்துக்குள் வந்துவிட்டது. மேஸ்ஹோ என்று அங்கே ஐயாயிரம் வருஷத்துப் பழைய சமாதி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதை உடைத்துப் புகுந்த வடநாட்டுக் கடலோடிகள் உள்ளே சுவரில் தங்கள் எழுத்துக்களைக் கீறிவிட்டுப் போனார்கள். இன்று கோயில் மதிலில் பேரை எழுதிவிட்டுப் போகிறார்களே, அதே ஜாதி வேலைதான். அந்தக் கிறுக்கலை எடுத்து 1973-ல் மாக்ஸ் பெண் குரலுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்குமாக 'ஸ்டோன் லிட்டனி' என்று ஒரு உருப்படி செய்தார்.

அதற்காக அவருடைய சங்கீதம் எளிதாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே உட்கார்ந்து எழுதியவற்றில் சில, ஆயுள் முழுவதும் கேட்டாலும் எனக்கு வசப்படாது. மாயச் சதுரம் என்று ஒன்று நமக்குத் தெரியும்; மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு 1 முதல் 9 வரை நிரப்பினால், குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வரும். அதையே ஒன்பதுக்கு ஒன்பதாகப் போட்டால் எப்பக்கமும் 369 வரும். 1975-ல் எழுதிய 'ஆவே மாரிஸ் ஸ்டெல்லா' என்ற உருப்படிக்குப் பழைய மாதா கோயில் மெட்டு ஒன்றை இந்தக் கட்டங்களுக்குள் ஓடவிட்டுத்தான் ஸ்வரங்களையும் அவற்றின் கால அளவையும் கண்டெடுத்தார். கேட்கிறவர் யாரும் 369-ஐ எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வெண்பாவைக் கேட்கிறவன் தளையை எண்ணுகிறானா? ஆனால் தளை தட்டினால் காது சொல்லிவிடுகிறது. உள்ளே கட்டிடம் பலமாக இருக்கவேண்டும் என்பது மாக்ஸின் பிடிவாதம். பத்து சிம்பொனி எழுதினார். சிலவற்றில் அந்தப் பிடிவாதம் வறட்சியாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது சிம்பொனியை மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் பாதியில் எழுந்துவிட்டேன். அந்த லண்டன் சபையில் நானும் இருந்திருந்தால் என் முதுகும் தெரிந்திருக்கும்.

ஆனாலும், இப்படிக் கட்டம் போட்டு எழுதிய அதே மனிதர், அதே வருஷங்களில், அந்தத் தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக இசை நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1977-ல் பிரவுன் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, கிர்க்வால் ஊரின் பழைய தேவாலயத்தை நடுவாக வைத்து, புனித மாக்னஸ் விழா என்று கோடைதோறும் நடக்கும் ஒரு கலை விழாவைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து பெரிய வித்வான்கள் வருவார்கள். ஊர்ப் பாட்டுக் கோஷ்டியும் பள்ளிப் பிள்ளைகளும் அதே மேடையில் பங்கு பெறுவார்கள். 1978-ல் 'இரண்டு பிடில்காரர்கள்', 1980-ல் 'சிண்டரெல்லா'. இவற்றைப் பாடியது ஊர்க் குழந்தைகள், வாசித்ததும் அவர்களே.

இனி அந்தப் பியானோ உருப்படிக்கு வருகிறேன். 1970-களின் கடைசியில் ஸ்ட்ராம்னெஸுக்குப் பக்கத்தில் யுரேனியம் இருக்கிறது, சுரங்கம் வெட்டலாம் என்று பேச்சு எழுந்தது. ஸ்காட்லாந்தின் மின்சார வாரியம் ஒன்று அதில் ஆர்வமாக இருந்தது. ஸ்ட்ராம்னெஸில் மொத்த ஜனத்தொகையே சுமார் 2,000. மீன் பிடிப்பு, மாடு, பயிர், கொஞ்சம் உல்லாசப் பிரயாணிகள், அவ்வளவுதான் ஜீவனம். தோண்டி எடுத்த மண்ணின் விஷத்தூசி அந்த ஓயாத காற்றில் எங்கெங்கே போய் விழும் என்று மக்கள் கவலைப்பட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. யுரேனியத் தாதுவைப் பிரித்தெடுத்த பின் கிடைக்கும் மஞ்சள் தூளுக்கு அந்தத் தொழிலில் 'மஞ்சள் கேக்' என்று பெயர். பெயர் தின்பண்டம் மாதிரி இருப்பதே ஒரு வேடிக்கைதான்.

1980 ஜூன் விழாவில் மாக்ஸ் அந்தப் பெயரையே வைத்து 'மஞ்சள் கேக் கதம்பம்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பெரிய அரங்கில் அல்ல. ஸ்ட்ராம்னெஸ் ஓட்டல் ஒன்றில். எலினார் பிரான் என்ற நடிகை கேலிப் பாட்டுக்களையும் பேச்சுக்களையும் சொல்ல, மாக்ஸ் தாமே பியானோ வாசித்தார். அந்தக் கேலிகளுக்கு நடுவே வைத்த இரண்டு சிறிய பியானோ உருப்படிகளில் ஒன்றுதான் 'ஸ்ட்ராம்னெஸுக்கு விடை'. சுரங்கம் வந்துவிட்டால், வீடு வாசலை விட்டு ஜனங்கள் கிளம்பிப் போக வேண்டியிருக்கும் அல்லவா? இடது கையில் நான் கேட்ட அந்த நடை, அவர்கள் நடக்கிற நடை. நடுவில் ஒரு இடத்தில் அது கொஞ்சம் பதறுகிறது. பிறகு மறுபடியும் அமைதியாக நடந்து போகிறது.

கேலிப் பாட்டுக்களை இன்று யாரும் அதிகமாகப் பாடுவதில்லை. பிரசாரத்துக்கு எழுதியது பிரசாரத்தோடு போய்விட்டது. பிரசாரத்துக்கு நடுவே மூச்சு விட்டுக்கொள்வதற்காக எழுதியது நின்றுவிட்டது. சுரங்கமும் வரவில்லை. ஒரு பாட்டினால் சுரங்கம் நின்றது என்று சொன்னால் அது கதாசிரியனின் ஆசை. அந்த மக்களின் பிடிவாதம்தான் நிறுத்தியது. ஆனால் போக வேண்டிய அவசியம் நேராத ஒரு ஊரின் பெயரில் விடைபெறும் பாட்டு ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிதாரில் வாசிக்கிறார்கள், பிடிலில் வாசிக்கிறார்கள், பியானோ கற்கும் குழந்தைகள் வாசிக்கிறார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துகிற சங்கதி ஒன்று. அந்த மெட்டை எழுதும்போது, 'ஜனங்களுக்குப் புரியும்படி ஒன்று எழுதுவோம்' என்று அவர் இறங்கி வந்ததாக எனக்குப் படவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அவருக்கு ரொட்டி விற்றவர், படகு ஓட்டியவர், அவர் நாடகத்தில் பாடிய குழந்தையின் தாய். பைத்தியக்கார அரசனுக்கு எது உண்மையோ அது கத்தல். இவர்களுக்கு எது உண்மையோ அது இந்த மெட்டு. இரண்டையும் உற்றுப் பார்த்தது ஒரே கண்தான்.

பிற்காலத்தில் கௌரவங்கள் நிறைய வந்தன. 1987-ல் 'சர்' பட்டம். 2004-ல் ராணியின் சங்கீத ஆசான் என்ற பதவி. 1626-லிருந்து இருந்துவரும் பழைய பதவி அது. வழக்கமாக ஆயுள் பரியந்தம் வகிக்கும் அந்தப் பதவியை அவருக்குப் பத்து வருஷம் என்று வரையறுத்துக் கொடுத்தார்கள். அரசனைப் பைத்தியமாகக் காட்டிப் பெயர் எடுத்தவருக்கு அரண்மனைப் பதவி! 2003-ல் ஈராக் யுத்தம் மூண்டபோது கையில் இருந்த நால்வர் வாத்திய உருப்படியிலேயே தம் கோபத்தை எழுதிவைத்தவரும் இவர்தான். பதவி அவரைச் சாதுவாக்கிவிடவில்லை என்பதற்கு இன்னொரு கதை உண்டு. 2005-ல் ஸாண்டேயில் மின்சாரக் கம்பியில் மோதிச் செத்துக் கிடந்த அன்னம் ஒன்றைக் கண்டார். வீணாவானேன் என்று எடுத்துப் போய்ச் சமைக்க ஏற்பாடு செய்துவிட்டார். அன்னமோ சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. போலீஸார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த போலீஸாரிடம் மாக்ஸ், "கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறீர்களா?" என்று உபசரித்தாராம். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

2013-ல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. லண்டன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே பத்தாவது சிம்பொனியை எழுதினார். போரோமினி என்ற பழைய ரோமாபுரிக் கட்டிடச் சிற்பியைப் பற்றியது அது. 1667-ல் அந்தச் சிற்பி மனம் உடைந்து தம் வாளின் மேலேயே விழுந்தார். உயிர் போவதற்குள் நடந்ததை நிதானமாக எடுத்துச் சொல்லி எழுதவும் வைத்தார். அந்த வாக்குமூலத்தைச் சிம்பொனியில் ஒரு பாடகர் பாடுகிறார். சாவுடன் போராடிக்கொண்டு ஒருவர் இதை ஏன் எடுத்துக்கொண்டார் என்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டனில் அது அரங்கேறியபோது மாக்ஸ் உயிரோடு இருந்தார்.

பிறகும் இரண்டு வருஷம் கிடைத்தது. அந்த நாட்களில் குழந்தைகளுக்காக ஒரு இசை நாடகம் எழுதினார். 'ஹாக்பூன்' என்பது ஆர்க்னி ஜனங்கள் சொல்லும் ஒரு பூதம். வயல் நடுவே இருக்கும் பழைய மண்மேட்டுக்குள் குடியிருக்குமாம். நல்லபடியாக வைத்துக்கொண்டால் வீட்டைக் காக்கும். அதை நாயகமாக வைத்து, பெரிய வாத்தியக் கோஷ்டியின் நடுவே சிறுவர் சிறுமியர் கூட்டமாகப் பாடும்படி எழுதி முடித்தார். 2016 மார்ச் 14-ல், எண்பத்தொரு வயதில், ஸாண்டே தீவில் தம் வீட்டிலேயே இறந்துபோனார். ஜூன் மாதம் லண்டனில், சைமன் ராட்டில் கோலை உயர்த்த, குழந்தைகள் அந்தப் பூதத்தின் கதையைப் பாடினார்கள்.